‘தண்ணீர் உண்டு’ என்று எழுதினேன்

1989-ஆம் வருஷம் என்று நினைவு. திண்டுக்கல் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் விவசாயக் கடன் பார்க்கிற அதிகாரியாக இருந்தேன். காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்தால் மத்தியானத்துக்குள் நாலு கிணறு பார்த்துவிடுவேன். கிணறு ஆழப்படுத்த, மோட்டார் மாற்ற, பைப் போட என்று விண்ணப்பம் குவியும். ஆய்வுப் படிவத்தில் ‘பாசனத் தண்ணீர்: உண்டு / இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கும். கிணற்றை எட்டிப் பார்ப்பேன், ஒரு கல்லைத் தூக்கிப் போடுவேன், சத்தம் கேட்டதும் ‘உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஒரு ஊரில் ஒரு பெரியவர் கேட்டார்: “சார், தண்ணி இருக்குன்னு எழுதிட்டீங்க, சரி. இந்தத் தண்ணியை மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருதே, அதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?”

அதற்குக் கட்டம் இல்லை. சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டேன். கடன் போனது, கிணறு ஆழமானது, தண்ணீரும் கூடியது. அந்தத் தண்ணீரில் பயிர்தான் வரவில்லை. மூன்று வருஷம் கழித்து அதே வீட்டுக்கு நோட்டீஸ் கொண்டுபோனதும் நான்தான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, மோர் கொடுத்தார். வாங்கிக் குடிக்கவே முடியவில்லை எனக்கு.

இப்போது ஓய்வுபெற்று நாலு ஏக்கரில் முருங்கையும் கொய்யாவும் கொஞ்சம் கீரையும் வைத்திருக்கிறேன். ரசாயனம் தொட்டு ஆறு வருஷம் ஆயிற்று. போன வருஷம் என் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது கைக்கு வந்த காகிதத்தைப் பார்த்ததும் அந்தப் பழைய படிவம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக இந்தப் பக்கம் நிலம் வாங்குகிற தம்பிகளுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும் என்கிறோம். தோலும் இந்த ஊரின் தொழில்தான். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். நாற்றம் இருந்தது, உப்பு இருந்தது. ஆனால் பட்டை மக்கிப் போகிற சரக்கு. 1970-களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்து, முழுசாகப் பதனிட்டதைத்தான் அனுப்ப வேண்டும் என்று கொள்கை மாறிய பிறகு குரோமிய உப்பு வேகமாகப் பரவியது. மாதக்கணக்கில் நடந்த வேலை சில நாட்களில் முடிந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் குடகனாற்றின் மேல்படுகையை வருஷக்கணக்கில் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். சுமார் 80 தோல் ஷாப்புகளைக் கணக்கில் எடுத்து, கழிவு நிலத்தடியில் எப்படி நகர்கிறது என்று பார்த்தார்கள். நம் பகுதி கெட்டிப் பாறை. வெடிப்புகள் வழியாகத்தான் தண்ணீர் ஓடும். அதனால் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்று நன்றாக இருக்கும், ஒன்று கெட்டுக் கிடக்கும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குத் தீர்ப்பை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பேரில் வேலூர் இருக்கிறதே தவிர, அதில் திண்டுக்கல்லும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியப் பகுதியில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே வருகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. படித்தபோது மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அந்த 350-ல் எத்தனை கிணற்றுக்கு நான் ‘உண்டு’ என்று எழுதினேன்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பயிரைக் கெடுத்தது பெரும்பாலும் உப்பு. பச்சைத் தோல் உப்பில் கிடந்து வரும். கழுவினால் உப்பு தண்ணீரில் போகும். உப்பு ஓசை போடுகிற சரக்கு. மாட்டுக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியும், நிலத்தின் மேலே வெள்ளை பூத்துக் காட்டும். குரோமியம் அப்படியில்லை. கிணற்றில் இருக்கிற அளவுக்கு அதற்கு நிறம் இல்லை, ருசி இல்லை. அது இருக்கிறதா என்பதைக் காகிதத்தில்தான் பார்க்க வேண்டும். அந்தக் காகிதம் என்ன சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

குரோமியத்தில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று மூன்றாம் நிலை, இன்னொன்று ஆறாம் நிலை. லேப்காரர்கள் ஹெக்ஸாவேலன்ட் என்பார்கள். தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலை உப்பு. அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், லேசில் நகராது, செல்லுக்குள் எளிதில் நுழையாது. “நாங்கள் போடுவது மூன்றாம் நிலைதான், ஆபத்தில்லை” என்று தோல் ஷாப்புக்காரர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மண்ணில் இருக்கிற மாங்கனீசு ஆக்சைடுகள் மூன்றாம் நிலையில் ஒரு பங்கை ஆறாம் நிலைக்கு மாற்றிவிடும் என்பது ஆய்வாளர்களுக்குப் பல காலமாகத் தெரிந்த விஷயம். அதோடு, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி மாதிரி இடங்களில் பாறையிலேயே குரோமியம் உண்டு. கிணற்றில் குரோமியம் என்றாலே தோல் ஷாப்புதான் என்று விரல் நீட்ட முடியாது. யாரையும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. என் தண்ணீரில் எந்த ஆள் இருக்கிறான் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

ஏன் இத்தனை அக்கறை என்றால், ஆறாம் நிலை ஆள் சும்மா இருக்க மாட்டான். தொட்டதோடு எல்லாம் வினை புரிகிறவன். தண்ணீரில் அவன் உருவம் சல்பேட் மாதிரி இருக்கும். உடம்பின் செல்லுக்குச் சல்பேட் தேவை. அதற்கென்று ஒரு வாசல் வைத்திருக்கிறது. சொந்தக்காரன் வேஷத்தில் அந்த வாசல் வழியே உள்ளே போய்விடுவான். உள்ளே வைட்டமின் சி-யும் குளுடாதையோனும் அவனைப் பிடித்து, ஐந்து, நாலு என்று படிப்படியாக இறக்கி மூன்றாம் நிலைக்குக் கொண்டுவரும். உடம்பு நல்லதுதான் செய்கிறது. ஆனால் அந்த இறக்கம் நடக்கிற இடம் மரபணுவுக்குப் பக்கத்தில். இறங்குகிற வழியில் மரபணு அடிபடும். இறங்கி முடிந்த மூன்றாம் நிலையும் மரபணுவின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். மரபணு நச்சு என்று சொல்வது இதைத்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1990-லேயே ஆறாம் நிலைக் குரோமியத்தை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் வகுப்பில் வைத்துவிட்டது. அது மூச்சில் போனதைப் பார்த்து, நுரையீரலுக்காக வைத்த வகுப்பு.

குடித்தால்? அங்கேதான் சண்டை. இந்தச் சண்டையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். குரோமியத்துக்கு மட்டும் இல்லை, மருந்துக்கடையில் விற்கிற சில சரக்குகளுக்கும் இதே வழக்குதான்.

ஒரு பொருள் மரபணுவைக் கெடுக்குமா என்று பார்க்கச் சோதனைகள் பல உண்டு. அமெரிக்காவில் புரூஸ் ஏம்ஸ் என்பவர் 1970-களில் கொண்டுவந்தது ஒன்று. சால்மொனெல்லா பாக்டீரியாவின் மேல் பொருளை விட்டு, அதன் மரபணு மாறுகிறதா என்று பார்ப்பது. ஆறாம் நிலைக் குரோமியம் இதில் மாட்டிக்கொள்ளும். அடுத்தது உயிருள்ள சுண்டெலி. பொருளைக் கொடுத்துவிட்டு எலும்பு மஜ்ஜையை எடுத்து, செல்கள் உடைந்த அடையாளம் இருக்கிறதா என்று தேடுவார்கள். குரோமியத்தை ஊசியில் வயிற்றறைக்குள் ஏற்றினால் மஜ்ஜையில் அடையாளம் தெரிந்தது. தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் தெரியவில்லை. “பார்த்தீர்களா, வயிற்றில் இருக்கிற அமிலமே இதை மூன்றாம் நிலைக்கு மாற்றிவிடுகிறது. குடித்தால் ஆபத்தில்லை” என்று ஒரு கட்சி சொன்னது.

வங்கியில் இருந்தவனுக்கு இது கேட்டவுடனே உறுத்தும். கவுண்டரில் காணாமல் போன பணத்தைத் தலைமை அலுவலகப் பேரேட்டில் தேடிவிட்டு, ‘இங்கே குறையவில்லை, ஆகவே திருட்டு இல்லை’ என்று தணிக்கை அறிக்கை எழுதினால் எப்படி இருக்கும்? வேகமாக வினை புரிகிற பொருள் மஜ்ஜை வரை போய்ச் சேராது. போகிற வழியிலேயே வாயையோ, வயிற்றையோ, குடலையோ தொட்டு, அங்கேயே தன்னைத் தீர்த்துக்கொள்ளும். கவுண்டரைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தார் 2008-ல் வெளியிட்ட அறிக்கையில் எண்ணிப் பார்த்தார்கள். சோடியம் டைகுரோமேட்டைத் தண்ணீரில் கலந்து எலிக்கும் சுண்டெலிக்கும் 2 வருஷம் கொடுத்தார்கள். எலிக்கு வாயில் கட்டி வந்தது. சுண்டெலிக்குச் சிறுகுடலில் வந்தது. தண்ணீர் முதலில் தொடுகிற இடம் வாய், வயிற்றைத் தாண்டியதும் அடுத்த இடம் சிறுகுடலின் தொடக்கம். மஜ்ஜை சுத்தமாக இருந்ததும் உண்மை, குடலில் கட்டி வந்ததும் உண்மை.

இதற்கும் பதில் சொன்னார்கள், அது லேசான பதிலும் இல்லை. கொடுத்த அளவு மிக அதிகம். குடலின் உட்தோல் புண்ணாகி, திரும்பத் திரும்ப வளர்ந்து, அந்த வளர்ச்சியில் கட்டி வந்தது. மரபணுவை நேரே தாக்கியதால் வரவில்லை. ஆகவே புண்ணாகாத அளவுக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கிட்டத்தட்ட இந்தப் பக்கம் சாய்ந்து, ஒரு லிட்டருக்கு மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம் என்ற பழைய வரம்பையே வைத்துக்கொண்டது. கனடாவும் 2016-ல் அதே எண்ணில் நின்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதே எலிகளை, அதே குடலைப் பார்த்து, 2024 ஆகஸ்டில் வேறு முடிவு சொன்னது. மரபணுவைக் கெடுத்துத்தான் கட்டி வருகிறது, குடிப்பதாலும் மனிதருக்குப் புற்றுநோய் வர வாய்ப்புண்டு என்றது. கலிபோர்னியா மாநிலம் ஆறாம் நிலைக்கென்றே தனியாக 0.01 மில்லிகிராம் வரம்பு வைத்தது. 2014-ல் கொண்டுவந்து, செலவுக் கணக்குச் சரியில்லை என்று நீதிமன்றம் சொல்லி 2017-ல் எடுத்து, மறுபடி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரே ஆதாரம், இரண்டு வகைப்பாடு.

நமக்கு? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500. 1991-ல் ஆறாம் நிலைக் குரோமியம் 0.05 என்று இருந்தது. 2012 திருத்தத்தில் மொத்தக் குரோமியம் 0.05 என்று ஆயிற்று. மொத்தமே 0.05-க்குள் இருக்கவேண்டும் என்பது ஒரு வகையில் கடுமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காகிதத்திலிருந்து ஆறாம் நிலை என்கிற பெயரே போய்விட்டது. இரண்டு ஆட்களையும் ஒரே கணக்கில் எழுதினால் யார் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

இனி என் கிணறு. முதல் தடவை ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து, ஒரு தனியார் லேப்பில் கொடுத்தேன். வேலையாள் லீவு என்று இரண்டு நாள் அப்படியே இருந்தது. ‘குரோமியம்: கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்று வந்தது. வீட்டில் சந்தோஷம். எனக்கு அரைகுறைச் சந்தோஷம். போன் போட்டு, “தம்பி, உங்க மெஷின் எவ்வளவுக்குக் கீழே இருந்தா கண்டுபிடிக்காது?” என்று கேட்டேன். “0.05 சார்” என்றார். வரம்பும் 0.05, கண்டறியும் அளவும் 0.05. அந்தக் காகிதத்துக்கு என்ன அர்த்தம்? ‘உண்டு / இல்லை’ கட்டம்தான் மறுபடி.

அப்புறம் விசாரித்ததில் இன்னொன்று தெரிந்தது. உலோகம் பார்க்கிற தண்ணீர் மாதிரியில் நைட்ரிக் அமிலம் விடுவது வழக்கம். ஆறாம் நிலையைத் தனியாகப் பார்க்கிற மாதிரிக்கு அமிலம் விட்டால் அது போகிற வழியிலேயே மூன்றாம் நிலையாக மாறிவிடக்கூடும். நம்மைக் கேட்காமல் குற்றவாளியை வெளியே அனுப்பிய மாதிரி. அமிலம் விடாமல், ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். டைபீனைல்கார்பசைடு என்கிற பொருளை விட்டால் ஆறாம் நிலைக்கு மட்டும் சிவப்பு கலந்த ஊதா நிறம் வரும். அந்த நிறத்தின் அடர்த்தியை அளந்து கணக்குப் போடுவார்கள். பெரிய வித்தையே இல்லை. கல்லூரி லேப்பில்கூடச் செய்யலாம்.

இரண்டாவது தடவை இப்படியெல்லாம் சொல்லி, வேறு லேப்பில் கொடுத்தேன். மொத்தம் 0.03. ஆறாம் நிலை 0.02.

திண்டுக்கல்லில் இது சட்டப்படி நல்ல தண்ணீர். கலிபோர்னியாவில் ஊர்க் குழாயில் வந்தால் இரண்டு மடங்கு வரம்பு மீறிய தண்ணீர். நான் டாக்டர் இல்லை. இதைக் குடித்த யாருக்கு என்ன வரும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, யாரையும் பயமுறுத்தவும் விருப்பமில்லை. என் மனைவியிடம் மட்டும் அந்த இரண்டு எண்களையும் காட்டினேன். அன்றைக்குச் சாயங்காலமே குடிக்க, சமைக்க வேறு தண்ணீர் என்று முடிவானது. வயிற்று அமிலம் காப்பாற்றும் என்ற வாதத்தைச் சொன்னபோது அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “நீங்க தினம் காலையில பான்டாப்ரசோல் போடுறீங்களே, உங்க வயித்துல அமிலம் எங்க இருக்கு?” அமெரிக்க முகமையின் அறிக்கையிலும் இந்த விஷயம் வருகிறது. அமிலம் குறைந்தவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்க மாத்திரை போடுகிறவர்களுக்கும் வயிறு தருகிற காப்பு குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். கிராமத்தில் அறுபது தாண்டியவர்கள் எத்தனை பேர் சட்டைப் பையில் இந்த மாத்திரை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மருந்துக்கடை சரக்கு என்று சொன்னேனே, அது கேப்டான். விதை நேர்த்திக்குப் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த பூஞ்சாணக்கொல்லி. நானே கடனில் பொருளாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் வேக வினைக்காரன்தான். ரத்தத்தில் கலந்தால் நொடிக்கணக்கில் உடைந்துபோகும். பாக்டீரியாவில் மரபணுவைத் தாக்கும்; சுண்டெலிக்குக் கொடுத்தால் மஜ்ஜை சுத்தமாக இருக்கும்; கட்டி சிறுகுடலின் தொடக்கத்தில் வரும். வழக்கு வரிக்கு வரி அதே வழக்கு. புண்ணாகி வளர்வதால் வருகிற கட்டி என்ற வாதத்தை ஏற்று, அமெரிக்க முகமை 2004-ல் அதன் வகைப்பாட்டைத் தளர்த்தியது. கேப்டான் விஷயத்தில் ஒரு பதில், குரோமியத்துக்கு இன்னொரு பதில். நம் நாட்டில் 2020 மே மாதம் தடை செய்ய யோசித்த 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் கேப்டான் இருந்தது. 2023-ல் அந்த 27-ல் முழுத் தடைக்கு வந்தவை டைகோபால், டினோகேப், மெத்தோமில் என்று மூன்றே மூன்று. டப்பாவின் மேல் இருக்கிற முக்கோணத்தைப் பார்த்து முடிவு செய்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் எலியை எவ்வளவு அளவில் உடனே சாகடிக்கும் என்கிற கணக்கு மட்டும்தான். மரபணுவுக்கு அந்த முக்கோணத்தில் இடமே கிடையாது.

சரி, அறிஞர்களே ஒத்துப்போகாத விஷயத்தில் நாலு ஏக்கர்க்காரன் என்ன சொல்வது என்று கேட்கலாம். எலிக் குடல் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சந்தேகத்தை யார் கணக்கில் எழுதுவது என்பது பற்றி எனக்குச் சொல்ல உண்டு, அது முப்பத்தேழு வருஷம் நான் பார்த்த வேலை. 1992-க்குப் பிறகு ரிசர்வ் வங்கி ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது. தவணை வராத கடனை, ‘ஆள் நல்லவர், அடுத்த மாசம் கட்டிவிடுவார்’ என்று நல்ல கடன் கணக்கில் வைத்திருக்கக் கூடாது. கெடு தாண்டினால் வாராக்கடன். அதற்கு லாபத்திலிருந்து பணம் ஒதுக்கு. திரும்பி வந்தால் அப்புறம் மாற்றி எழுதிக்கொள். கிளை மேலாளர்கள் எல்லோரும் திட்டினோம், நானும் திட்டினேன். ஆனால் சந்தேகத்தின் செலவை வங்கி சுமக்கவேண்டும், டெபாசிட் போட்ட பாட்டி சுமக்கக் கூடாது என்பதுதான் அந்த ஒழுங்கு. ரசாயனத்தில் தலைகீழாக நடக்கிறது. ‘ஆதாரம் கிடைக்கவில்லை’ என்பதை ‘ஆபத்தில்லை’ என்ற பக்கத்தில் வரவு வைத்துவிடுகிறார்கள். சந்தேகத்தின் செலவைக் குடலும் கிணறும் சுமக்கின்றன.

இதில் வேடிக்கை, நம் நாட்டுச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நான் மேலே சொன்ன அதே 1996 தீர்ப்பில்தான், முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தன் செயல் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு தொழில் செய்கிறவருடையது என்றும் சொன்னது. நம் கிணறுகளை வைத்துப் பிறந்த சட்டம் அது. தில்லியில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தால் அந்தத் தீர்ப்பை எடுத்துப் படிக்கிறார்கள். இங்கே தண்ணீர் அறிக்கையில் ஆறாம் நிலைக்கு ஒரு வரி இல்லை. ஐரோப்பாவில் 2015 மே முதல், தோலில் படுகிற தோல் பொருட்களில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்க முடியாது. அங்கே செருப்பு போடுகிற காலுக்கு இருக்கிற தனிக் கட்டம் இங்கே தண்ணீர் குடிக்கிற வாய்க்கு இல்லை.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நம் இயக்கத்து நண்பர் ஒருவர் தடுத்தார். “சார், ஏற்கெனவே நம்ம பொருளுக்கு ஆயிரம் கேள்வி கேக்குறாங்க. கிணத்துல குரோமியம்னு நீங்களே எழுதினா, திண்டுக்கல் காய்னாலே வாங்க மாட்டாங்க. நாம ஒண்ணும் கலக்கலையே, எவனோ கலந்ததுக்கு நாம ஏன் பேர் கெடுக்கணும்?”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என் கீரை வாடிக்கையாளர்கள் பதினோரு பேரிடமும் அந்த எண்களைச் சொன்னேன். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். பயிர் உறிஞ்சுகிற குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், இலைக்கும் காய்க்கும் ஏறுவது குறைவு என்றும் சொல்லிப் பார்த்தேன். முள்ளங்கியை நிறுத்திவிட்டேன். கிழங்கு, வேர் எதுவும் அந்தக் கிணற்றுப் பாசனத்தில் இப்போதைக்கு இல்லை. வருமானம் குறைந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில் ஒன்றுதான். நஞ்சில்லாத உணவு என்று பலகை எழுதி விற்கிறோம். நாம் போட்ட நஞ்சு இல்லை என்று மட்டுமா அதற்கு அர்த்தம்? வாங்குகிற அம்மா அப்படியா படிக்கிறார்? நாளைக்கு வேறு யாரோ சோதித்துப் பேப்பரில் போடுவதைவிட, நாமே சோதித்து நாமே சொல்வதுதான் பேருக்குப் பாதுகாப்பு.

நம் பக்கமும் ஓட்டை இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று தோல் தூள், தோல் சீவல் கலந்த எருவைச் சிலர் வாங்குகிறார்கள். தழைச்சத்து இருக்கிறது என்பது நிஜம். குரோமியமும் இருக்கலாம் என்பதும் நிஜம். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் மண்புழு உரத்துக்கும் நகரக் கம்போஸ்ட்டுக்கும் குரோமியம் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. விற்கிறவரிடம் சோதனைக் காகிதம் கேளுங்கள். ஒரு ஆறுதலும் உண்டு. மக்கிய கரிமப் பொருள் ஆறாம் நிலையை மூன்றாம் நிலைக்கு இறக்கும். தொழு உரமும் மூடாக்கும் போட்டு வளர்த்த மண் அந்த வேலையைத் தன்பாட்டில் செய்கிறது. அதற்காகக் கிணற்றுத் தண்ணீரை மண் வடிகட்டிவிடும் என்று நம்பிக் குடித்துவிடாதீர்கள். வாளியில் இறைத்த தண்ணீர் மண்ணைத் தொடாமல்தான் குடத்துக்கு வருகிறது.

நம் பங்கேற்பு உத்தரவாதக் குழுக்களில் பக்கத்து வயல் மருந்து காற்றில் வருகிறதா, வரப்பில் தடுப்புப் பயிர் இருக்கிறதா என்றெல்லாம் போய்ப் பார்க்கிறோம். தோல் ஷாப்புப் பகுதியிலும் குடகனாற்று ஓரத்திலும் இருக்கிற உறுப்பினர்களுக்கு ஆறாம் நிலைக் குரோமியத்தைத் தனியாகச் சோதித்த காகிதத்தையும் சேர்க்க வேண்டும் என்று நம் மாவட்டக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவை. கோடையில் ஒன்று, ஐப்பசி மழை முடிந்து ஒன்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கிராமக் கிணறுகளில் எடுக்கிற அளவுகளில் ஆறாம் நிலையைத் தனி வரியாகவும், கருவியின் கண்டறியும் அளவைப் பக்கத்திலும் போட்டு ஊராட்சிப் பலகையில் ஒட்டவேண்டும் என்று ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். மனு எழுதுவது எனக்குக் கை வந்த கலை. வரைவு தயாராக இருக்கிறது.

சோதனைக்கு எடுக்கிறவர்களுக்கு: மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடியுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். ஆறாம் நிலைக்கு ஒரு பாட்டில், மொத்தத்துக்கு ஒரு பாட்டில். முதல் பாட்டிலில் அமிலம் விடக்கூடாது என்று ஒட்டுத்தாளில் எழுதுங்கள். தேதி, நேரம் போடுங்கள். லேப்பில் கொடுக்கும் முன்பே கண்டறியும் அளவு எவ்வளவு என்று கேளுங்கள், 0.05 என்று சொன்னால் பாட்டிலை எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கிளம்புகிறேன். வண்டியில் பெரிய ஐஸ் பெட்டி ஒன்று இருக்கும், இருபது பாட்டில் பிடிக்கும். இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர், நான் மோர் குடிக்க முடியாமல் திரும்பிய வீட்டுப் பெரியவரின் பேரன். அந்தக் கிணறு இப்போதும் இருக்கிறது, தண்ணீரும் உண்டு.